கயிறுகள் வீடு திரும்பிய தை மாதம்

வேலங்காட்டுப்பாளையத்துக் கோசாலையில் முதன்முதலாக மாட்டுப்பொங்கல் வைத்த வருசம், மாடுகளின் கழுத்திலிருந்து கழற்றிப்போட்ட பழைய தலைக்கயிறுகள் முப்பத்தெட்டும் மறுநாள் விடிந்ததும் தங்கள் தங்கள் வீட்டைப் பார்த்துப் புறப்பட்டுப் போயின. அன்று காணும் பொங்கல் என்பதால் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆற்றுக்கும் மலைக்கோயிலுக்கும் போயிருந்தார்கள், மிச்சமிருந்தவர்கள் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள், ஆகையால் கயிறுகள் கிளம்பியதைக் கண்ணால் பார்த்தவர் சென்னியப்பன் ஒருவர்தான். அவர் சாணிக்கூடையைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, கோசாலையின் இரும்புக் கேட்டை அகலத் திறந்து, கடைசிக் கயிற்றின் நுனி வெளியே போகும்வரை ஓரமாக ஒதுங்கி நின்றார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மிச்சச் சாணியை அள்ளப் போனார்.

அந்தப் பக்கத்தில் மாட்டை விற்கிறவர்கள் கயிற்றை விற்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். விற்கிறவர் தன் கையாலேயே பழைய கயிற்றை அவிழ்த்து, மாட்டின் நெற்றியை ஒருதரம் தடவிவிட்டு, கயிற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடு கட்டுகிற கட்டுத்தரையில் மாட்டிவைப்பார். மாடு போனாலும் பட்டி, அதாவது மாட்டுச் செல்வம், வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். சந்தையில் எத்தனை அவசரம் என்றாலும், மழையே பெய்தாலும், இதைச் செய்யாமல் யாரும் மாட்டைக் கைமாற்றியதில்லை.

ஆனால் கோசாலையில் மாட்டைக் கொண்டுவந்து விடுவது விற்பதிலும் சேராது, கொடுப்பதிலும் சரியாகச் சேராது. மழை பொய்த்து, சோளத்தட்டு தீர்ந்து, பால் வற்றி, கால் ஒடிந்து, அடிமாட்டு வண்டிக்கு ஏற்றவும் மனசு வராமல் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் ஆள் நடமாட்டமில்லாத உச்சிவெயில் நேரமாகப் பார்த்து வந்து, கயிற்றை வசந்தாமணியின் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். வசந்தாமணி மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருசம் ஊசிக்கு மாடு பிடித்து ஓய்வுபெற்றவள். அம்மன் கோயிலுக்குப் பின்னாலிருந்த பழைய செக்குக் கொட்டகையைக் கேட்டு வாங்கி அந்தக் கோசாலையை அவள்தான் நடத்திவந்தாள். மாடு விட்டவர்களைப் பற்றி யாராவது கேட்டால், “எனக்கு முதுகுதாங்க தெரியும், மூஞ்சி தெரியாது” என்பாள்.

அப்படிப் போன முதுகுகளில் சென்னியப்பனுடையதும் ஒன்று.

அவருடைய மாட்டின் பெயர் சுட்டி. செவலை. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளைச் சுட்டி விழுந்திருந்ததால் அந்தப் பெயர். பால்வண்டி மோதிப் பின்னங்கால் ஒன்று குட்டையாகிவிட்டது. ஐந்தாவது ஈற்றுக்குப் பிறகு சினை நிற்கவில்லை. மூன்று வருசத்துக்கு முன்பு, இரண்டாவது தடவையாக மழை பொய்த்த ஐப்பசியில், அவருடைய மனைவி பாவாயி மகளின் பிரசவத்துக்காகத் தாராபுரம் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் இதை முடித்துவிட்டால் அவளுக்குக் கஷ்டமிருக்காது என்று சென்னியப்பன் நினைத்தார். முப்பத்தைந்து வருசம் ஒருத்தியோடு குடும்பம் நடத்திய மனிதர் அப்படி நினைத்தது எப்படி என்று பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை. கோசாலையில் கயிற்றை அவிழ்க்கத்தான் கையை நீட்டினார். ஆனால் கழுத்துக்குப் பக்கத்தில் கை போனால் சுட்டி முழங்கையை நக்கும், அது அதன் பழக்கம். நக்கிவிட்டால் தன்னால் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்து, நீட்டிய கையைப் பாதியில் மடக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பாவாயி ஊரிலிருந்து வந்து பையை இறக்கிவைத்ததும் கட்டுத்தரையைத்தான் பார்த்தாள்.

“சுட்டி எங்கீங்க?”

“கோசாலைல உட்டுட்டன்.”

“கயித்தையாச்சும் அவுத்துட்டு வந்தீங்களா?”

அவர் இல்லையென்று தலையாட்டினார். அதற்குப் பிறகு பாவாயி அவரோடு பேசவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை, அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், அவர் சட்டையைத் துவைத்தாள், காய்ச்சல் வந்தபோது நெற்றியில் பத்துப் போட்டாள், பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. சொல்லியே ஆகவேண்டியது ஏதாவது இருந்தால் அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு கோழியிடம் சொல்வாள். “இன்னிக்கு ரேசன்ல சக்கரை போடறாங்களாமா” என்று கோழியிடம் சொன்னால் சென்னியப்பன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மூன்று வருசம் அந்தக் குடும்பம் கோழியின் தயவில் நடந்தது. அந்தக் கோழியும் முட்டையிடுவதை நிறுத்தி ரொம்பக் காலமாகியும் குழம்புக்குப் போகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

சென்னியப்பன் தினமும் காலையில், டீக்கடைக்குப் போவதாக வீட்டில் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, ஆறு கிலோமீட்டர் மொபெட்டில் போய்க் கோசாலையில் சாணி அள்ளினார், சோளத்தட்டு வெட்டினார், புண்ணுக்கு வேப்பெண்ணெய் போட்டார். மறு வருசமே மழை பெய்து, மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஆனாலும் விட்ட மாட்டைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்க முடியாதவர் பக்கத்திலாவது இருந்தார்.

கோசாலையில் அதற்கு முன்பு மாட்டுப்பொங்கல் வைத்ததில்லை. பொங்கல் என்பது வீடு இருக்கிற மாட்டுக்கு, இதுகளுக்கு முன்னால் பானை வைத்தால் வீட்டு ஞாபகம் வந்து தீனி எடுக்காது என்று வசந்தாமணி சொல்லிவந்தாள். அந்த வருசம் அவளுக்கே மனசு மாறிற்று.

“சென்னியப்பண்ணா, இதுக நம்மூட்டுக்கு வந்து எத்தன வருசமாச்சு? இன்னும் விருந்தாளியாவே வெச்சிருந்தா எப்புடி?”

ஆகவே தை இரண்டாம் தேதி காலையிலிருந்தே முப்பத்தொன்பது மாடுகளையும் தொட்டிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். கண்ணாடிச்சில்லால் கொம்பைச் சீவி, கோயில் கோபுரத்துக்கு அடித்து மிஞ்சிய நீலமும் மஞ்சளும் பூசினார்கள், கொம்பில்லாதவற்றுக்குக் கொம்பு இருந்த இடத்தில் பொட்டு வைத்தார்கள். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டினார்கள். மாட்டுப்பொங்கலுக்குப் பழைய கயிற்றைக் கழற்றிப் புதுக்கயிறு போட வேண்டும் என்பதால், ஊர்ப் பெண்கள் திரித்துக் கொடுத்த புதுக்கயிறுகளைப் போட்டு, பழசையெல்லாம் வேப்பமரத்தடியில் குவித்தார்கள். மாடு முப்பத்தொன்பது, பழைய கயிறு முப்பத்தெட்டு. காரி என்ற கறுப்பு மாட்டுக்கு மட்டும் கயிறு கிடையாது. அது பைபாஸ் ரோட்டில் அடிமாட்டு லாரியிலிருந்து விழுந்து கிடந்தது, கழுத்தில் கயிறும் இல்லை, இரண்டு கண்ணிலும் பார்வையும் இல்லை. வந்த நாளிலிருந்து அது சுட்டியின் பின்முதுகில் மூக்கை வைத்துக்கொண்டுதான் நடக்கும். சுட்டி நொண்டி நொண்டிப் போகும், காரியும் அந்த நொண்டலுக்கு ஏற்பத் தலையை ஏற்றி இறக்கிக்கொண்டு பின்னால் போகும்.

பொங்கல் பொங்கிற்று. சாணியால் வரப்புக் கட்டித் தெப்பக்குளம் செய்து, தண்ணீரும் பாலும் ஊற்றிப் பூப்போட்டார்கள். அதைக் கன்றுக்குட்டி மிதித்து உடைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. கோசாலையில் கன்றுக்குட்டி ஏது?

“கன்னுக்குட்டி இல்லாம எப்புடி அம்மிணி தெப்பக்கொளம் மிதிக்கறது?” என்றார் சென்னியப்பன்.

“இருக்கறதுல வயசுல சின்னது எது?”

“சுட்டிதான். அதுக்கே பதினாலு நடக்குது.”

“அப்பறமென்ன. அதான் நம்ம கன்னுக்குட்டி.”

சுட்டியைக் கூட்டிவந்தார்கள். பின்னால் காரியும் வந்தது. சுற்றி நின்ற பெண்கள் தட்டைத் தட்டிப் பொங்கலோ பொங்கல் என்று குலவையிட, சுட்டி தன் குட்டைக்காலைத் தூக்கித் தெப்பக்குளத்தின் மேற்கு வரப்பில் வைத்தது. மற்ற மாடாக இருந்தால் வரப்பு லேசாகச் சரிந்திருக்கும். நொண்டிக்காலில் பாரம் முழுதும் இறங்கியதால் மொத்தமாக உடைந்து, பாலும் தண்ணீரும் பூவும் ஓடி வேப்பமரத்தடிக்குப் போய், பழைய கயிற்றுக் குவியலுக்குள் புகுந்தன. மூன்று வருசத்துத் தூசியும் கழுத்து வேர்வையும் ஏறிக் காய்ந்துகிடந்த கயிறுகள் அதை ஒரு சொட்டு மண்ணுக்கு விடாமல் குடித்தன. காரணம் என்று யாருக்காவது தெரிந்தது இவ்வளவுதான். அதைப் பற்றி அப்புறம் அதிகம் பேச்சு எழவில்லை, ஏனென்றால் அதைவிட முக்கியமான வேலைகள் வந்துவிட்டன.

கயிறுகள் பாம்பைப்போல ஊர்ந்து போய்விடவில்லை. ஒவ்வொரு கயிற்றின் ஒரு நுனி அந்தந்த மாட்டின் காலடிக்கு வந்து சுருண்டு கிடந்தது, மறு நுனி வீட்டைப் பார்த்து நீண்டுகொண்டே போயிற்று. எவ்வளவு நீண்டாலும் இளைக்கவில்லை. எந்த மாட்டுக் கயிறோ அந்த மாட்டின் நடைதான் அதற்கும். வெயில் ஏறினால் மர நிழலில் நின்று, நுனியை மட்டும் மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டிருக்கும், அசைபோடுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். மூன்றாம் நாளுக்குள் ஊரைச் சுற்றி எட்டுத் திக்கிலும் கயிறுகள் ஓடின. மாடு கட்டிய கயிற்றைத் தாண்டக் கூடாது என்பதால், வழி குறுக்கிடும் இடங்களில் எல்லாம் கவட்டைக்குச்சி நட்டுக் கயிற்றைத் தூக்கிவைத்து, எல்லாரும் குனிந்து போனார்கள். பள்ளிக்கூட வேன் வரும்போது டீக்கடை நடராசு ஓடிவந்து கயிற்றைக் கையால் உயர்த்திப் பிடிப்பார். கிளுவை வேலிக்குப் பக்கத்தில் போன கயிறுகளில் பெண்கள் துணி காயப்போட்டார்கள். மத்தியானம் மாடு நிற்கிற நேரம் கணக்குப் பார்த்துப் போட்டு எடுத்துவிட வேண்டும், மறந்துவிட்டால் துணியும் சேர்ந்து போய்விடும். ராமாத்தாளின் ஊதாப் பாவாடை மூலனூர் வரைக்கும் போய், அங்கே ஒரு நல்ல குடும்பத்தார் மடித்துக் கொடுத்தனுப்பினார்கள். பைபாஸ் சுங்கச்சாவடியில் இரண்டு கயிறுகள் போய் நின்றபோது, கால்நடைக்குக் கட்டணமில்லை என்று அங்கிருந்தவர்களே தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். திருப்பூருக்குப் போன கயிறு ஒன்று, வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டதால் சற்றுத் தயங்கி, லிஃப்டை நம்பாமல் படியேறி மூன்றாவது மாடிக்குப் போய்க் கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டது.

நான்காம் நாள் தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே ஊர் கூடிற்று. பஞ்சாயத்துத் தலைவி லோகாம்பாள் கலெக்டருக்கு மனு எழுதலாமா என்று கேட்டாள்.

“நீங்க மனு எழுதி முடிக்கறதுக்குள்ள கயிறு ஊடு போயிருமுங்க” என்றார் நடராசு.

வசந்தாமணி எழுந்து ஒன்று சொன்னாள். “தங் கையால கயித்த அவுக்காமக் குடுத்தது குடுத்ததுல சேராதுங்க. நானும் மூணு வருசமா மாடு வாங்கியிருக்கறன்னு நெனச்சிட்டிருந்தன். வாங்கலீங்க, புடிச்சிட்டு நின்னிருக்கறன், அவ்வளவுதான். வாரவிய வரட்டும். ஒண்ணு மொறையா அவுத்துட்டுக் கயித்த எடுத்துட்டுப் போகட்டும். இல்லாட்டி மாட்டோட ஓட்டிட்டுப் போகட்டும்.”

ஊர் அதை ஒப்புக்கொண்டது.

வந்தார்கள். கயிற்றின் நுனி வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள், பிடித்துக்கொண்டு நடக்க நடக்கக் கயிறு அவர்கள் கைக்குள் குறைந்துகொண்டே வந்தது. மாரப்பன் என்கிற விசைத்தறிக்காரர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்.

“ஏனுங்க, இது நாயமா? கட்டுத்தரைய இடிச்சுப்போட்டு பாத்ரூம் கட்டி ரெண்டு வருசமாச்சு. உங்க கயிறு நேரா உள்ள வந்து கக்கூஸ்ல சுத்திக்கிச்சு, நுனியப் புடிச்சிட்டு இங்க கெளம்புனாத்தான் அவுந்துது. அது வரைக்கும் ஊட்டுல நாலு பேரும் காட்டுக்குப் போனமுங்க.”

“எங்க கயிறில்லீங்க. உங்க கயிறு” என்றாள் வசந்தாமணி.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது அவருடைய பழைய மயிலைப்பசு வந்து அவர் கைக்கடிகாரத்தின் வாரைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வார் அறுந்து கடிகாரம் கீழே விழுகிறவரைக்கும் அப்படியே நின்றார். அப்புறம் பழைய கயிற்றை ஒருதரம் அதன் கழுத்தில் போட்டுத் தன் கையாலேயே அவிழ்த்து, நெற்றியைத் தடவிவிட்டார். அவர் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பருத்திக்கொட்டை ஆட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மாட்டையே ஓட்டிக்கொண்டு போனவர்களும் பதினைந்து பேருக்கு மேல் இருந்தார்கள்.

பத்தாம் நாள் முடிவில் முப்பத்தேழு கயிறுகள் வீடு சேர்ந்துவிட்டன. சுட்டியின் கயிறு மட்டும் இன்னும் ரோட்டில் கிடந்தது.

நொண்டி மாட்டின் கயிறு நொண்டித்தான் போயிற்று. சென்னியப்பன் முதல் நாளிலிருந்தே தினமும் கோசாலை வேலையை முடித்துவிட்டு வந்து கயிற்றின் நுனிக்குப் பக்கத்தில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அது நின்றால் நின்றார். சுட்டி முன்பு முதுகு தேய்க்கிற வேலாமரத்தில் அது ஒரு முழு மத்தியானம் நின்றது. இப்போது மூடிக்கிடக்கிற தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தது. ஐந்தாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. நுனியைத் தூக்கி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு, மிச்ச தூரம் முழுதும் ஓட்டிப் போய், தன் வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிட்டார். கயிறு அவரைத் திரும்பிப் பார்த்த மாதிரி ஒரு நொடி நின்றது. பிறகு நொண்டிக்கொண்டே திரும்பி, அவர் தூக்கிய அதே இடத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அதில் இரண்டு நாள் வீணாயிற்று. ரோட்டோரம் உட்கார்ந்து பல்துலக்கிக்கொண்டிருந்த ஒருவர், “ஏனுங்க மாமா, அன்னிக்கு அத்தை இல்லாத நேரம் பாத்து முடிச்ச மாதிரி இதையும் குறுக்கால முடிக்கப் பாத்தீங்களா?” என்றார். ஊருக்கே கதை தெரியும்.

பால்வண்டி மோதிய இடத்தில் அது ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தது. சென்னியப்பனும் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு இதே இடத்தில், தாரின் மேலேயே உட்கார்ந்து, சுட்டியின் தலையைப் பாவாயி தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், வைத்தியர் வருகிறவரைக்கும் நான்கு மணிநேரம். அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நான்கு மணிநேரமும் பாவாயி மாட்டோடும் அவரோடும் மாறி மாறி ஏதோ பேசிக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. என்ன பேசினாள் என்பது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அப்போதெல்லாம் அவள் பேச்சைக் கவனித்துக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

அவருடைய பயம் எல்லாம் ஒன்றுதான். சுட்டியைக் கொண்டுபோய் விட்ட மறுநாளே அவர் கயிறு கட்டுகிற முளைக்குச்சியைப் பிடுங்கி எறிந்து, கட்டுத்தரையில் மொபெட்டை நிறுத்த ஆரம்பித்துவிட்டார். கயிறு வந்து பார்த்து, தன் இடம் இல்லையென்று வாசலோடு திரும்பிவிட்டால், பாவாயி இனி எந்தக் காலத்திலும் வாய் திறக்க மாட்டாள். பதினோராம் நாள் பொழுதிறங்க வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மொபெட்டைத் தெருவில் நிறுத்திவிட்டு, முளைக்குச்சிக்கு வேலாங்கொம்பு ஒன்றை வெட்டிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே முளைக்குச்சி அடித்திருந்தது. பழைய அதே குச்சி, கயிறு உராய்ந்து உராய்ந்து பள்ளம் விழுந்த கழுத்தோடு. தரை கூட்டி, சாணி தெளித்து, குளுமையாக இருந்தது. பாவாயி அந்தப் பக்கமாகக் கோழிக்கு அரிசி இறைத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரூட்டுக் கயிறும் வந்து சேந்துருச்சாமா” என்று கோழியிடம் சொன்னாள். “நொண்டிக் கயிறு ஒண்ணுதான் கெழக்கால தெருவுல கெடக்குதாமா. நாளைக்கு வந்தாலும் வருமாமா.”

சென்னியப்பன் வெட்டிவந்த கொம்பை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் பாவாயி வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். தை மாதத்துப் பெரிய கோலம், வாசல் முழுக்க. நடுவில் மட்டும், தெருவிலிருந்து கட்டுத்தரை வரைக்கும், ஒரு கயிறு போகிற அகலத்துக்கு மண்ணை வெறுமையாக விட்டிருந்தாள். போட்டு முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் கட்டுத்தரையோரமாக நின்றார். கோழி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

எட்டு மணிக்கு மேல் கயிறு வந்தது. தெருமுனையில் திரும்பும்போதே அந்த நொண்டல் தெரிந்தது, கொஞ்சம் எழும்பிக் கொஞ்சம் விழுந்து, எழும்பி விழுந்து. கோலத்துக்கு முன்னால் நின்றது. வெறுமையாக விட்டிருந்த வழியில், மாவில் ஒரு பொடி கலையாமல் உள்ளே வந்தது. கட்டுத்தரைக்கு வந்து, சுட்டி படுப்பதற்கு முன் எப்போதும் சுற்றுவதுபோல மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, முளைக்குச்சியின் பள்ளத்தில் தானே முடிச்சிட்டுக்கொண்டு அமர்ந்தது.

பாவாயி எழுந்து வந்தாள். குனிந்து கயிற்றைத் தொட்டாள், நுனியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்த நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். சென்னியப்பன் பின்னாலேயே போனார். மூன்றாவது வீடு தாண்டுவதற்குள் அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“செருப்புப் போட்டுட்டு வாங்க” என்றாள். “இட்டேரித் தடமெல்லாம் முள்ளுக் கெடக்குது.”

சென்னியப்பன் தன் காலைப் பார்த்தார். வெறுங்காலோடு வந்திருந்தார். திரும்பி ஓடி, இரண்டு காலிலும் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டு, அதைச் சரிசெய்யக்கூட நிற்காமல் திரும்பி ஓடிவந்தார். அதற்குள் கோழியின் மேல் பக்கத்து வீட்டுக்காரி கூடையைக் கவிழ்த்துவிட்டாள்.

ஆறு கிலோமீட்டரும் பாவாயி பேசிக்கொண்டே போனாள். கயிறு அவள் கைக்குள் குறையக் குறையப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. பேத்திக்குப் பல் முளைத்தது, கிணற்றுமேட்டுத் தென்னையில் வண்டு விழுந்தது, அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்குத் தான் பயந்தது, ஒரு மண்டபத்துக் கல்யாணத்தில் அவர் வேட்டியை உள்வெளியாகக் கட்டிக்கொண்டு போனது, அதைச் சொல்லவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் தான் பட்ட பாடு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. வேலாமரம் தாண்டியதும் அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

“பாவாயி, நான் தெனமும் டீக்கடைக்குப் போறன்னு சொன்னது...”

“யாரு சட்டையத் தொவைக்கறது?” என்றாள். “எந்த மாட்டு வாசம்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க என்னிக்காச்சும் அவுத்துட்டு வருவீங்கன்னு நானும் மூணு வருசமாப் பாத்தன். நாளு தவறாமப் போறீங்க. வரும்போது கைய வீசிட்டு வாறீங்க.”

மாற்றிப் போட்ட செருப்பு கடித்துக்கொண்டிருந்தது, நின்று சரிசெய்யாமல் அவர் அவள் பின்னாலேயே நடந்தார்.

கோசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கயிறு மூன்று முழமாகிவிட்டது. சுட்டி கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. நீலக்கொம்பில் சாயம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. பாவாயி கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனதும் அது அவள் முழங்கையை நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது, அவள் கையை அப்படியே கொடுத்துவிட்டு மற்றக் கையால் பழைய கயிற்றைக் கழுத்தில் போட்டு முடிச்சிட்டாள். வசந்தாமணி வாசலில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

“அக்கா, அவுக்கறீங்களா, ஓட்டறீங்களா?”

“அவுக்கறதுக்கா இத்தன தூரம் நடந்து வந்தன்?” என்றாள் பாவாயி. சென்னியப்பனைப் பார்த்து, “நீங்களே புடிங்க. நீங்கதானே கொண்டாந்து உட்டது” என்று கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார். சுட்டி நொண்டியபடி வந்தது. பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து சத்தம் எதுவும் வராமலேயே ஏதோ வருவது தெரிந்து பாவாயி திரும்பினாள். காரி வந்துகொண்டிருந்தது. சுட்டியின் பின்முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு, அந்த நொண்டலுக்கு ஏற்பத் தலையை ஏற்றி இறக்கிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று கேட்காமல் வந்துகொண்டிருந்தது. கழுத்தில் பொங்கலுக்குப் போட்ட புதுக்கயிறு, எந்த வீட்டுக்கும் வழி தெரியாத கயிறு, தரையில் இழுபட்டது.

“இது யாரூட்டு மாடுங்க?”

“யாரூட்டதும் இல்ல” என்றார் சென்னியப்பன். “லாரீல இருந்து உழுந்துது. கண்ணுத் தெரியாது. இதப் புடிச்சிட்டுத்தான் நடக்கும். நான் வேண்ணா கொண்டுபோயிக் கட்டீட்டு...”

பாவாயி அவரை நிறுத்தினாள். காரிக்கு முன்னால் போய் நின்று, கொஞ்சநேரம் அதன் வெள்ளை விழுந்த கண்ணைப் பார்த்தாள். பிறகு கீழே இழுபட்ட கயிற்றைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“நேத்து ஒரு வேலாங்கொம்பு வெட்டியாந்து கையிலயே வெச்சிட்டு நின்னீங்களே” என்றாள், “அத எங்க போட்டீங்க?”

“வெறகுக்கட்டு மேல இருக்குது.”

“அடுப்புல வெச்சுராதீங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.